கண்ணாடி அறை நாற்காலி

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உங்களுக்கும் வரட்டும் என்றுதான் சொல்கிறேன். ஆனால் கோபத்தில் கவனத்தை விட்டுவிடாதீர்கள். விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு நூல் மில். உள்ளே போனால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது, அத்தனை இரைச்சல். அங்கே இயந்திரங்களில் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். உடைந்தால் அன்றைய வேலை பாழ். சில நாள் பறக்கும் பஞ்சில் தீயும் பிடிக்கும்.

உடையப் போவதை முன்கூட்டியே அறிய முடியுமா என்று சுகுமார் என்ற ஒப்பந்தப் பொறியாளன் முயன்று பார்த்தான். இயந்திரங்களின் சத்தத்தைப் பதிவுசெய்து, செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து, கோளாறு எங்கே என்று கேட்டான். ஆறு மாதம் போனது. எல்லா இயந்திரங்களும் சேர்ந்து அலறும் இடத்தில் எந்தச் சத்தம் எதனுடையது என்று அது எப்படிப் பிரிக்கும்? கையை விரித்துவிட்டது.

அதே மில்லில் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தவள் கோமதி. அவளும் ஒப்பந்த வேலைதான். அவளுடைய அப்பா, அம்மா இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் அம்மாவைக் கூப்பிட வேண்டுமென்றால் கோமதி தரையில் காலால் ஓங்கித் தட்டுவாள். அப்பா தண்ணீர் மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்து, தண்ணீர் ஏறுகிறதா, காற்று வாங்குகிறதா என்று சொல்லிவிடுவார்.

"சார், சத்தத்த விடுங்க. நடுக்கத்தப் பாப்போம்" என்றாள் கோமதி.

பழைய செல்போன்களை நாடாவால் இயந்திரங்களில் கட்டினாள். அதிர்வை அளக்கும் வசதி அவற்றில் ஏற்கெனவே இருந்தது. தனக்கு என்ன வேண்டும் என்று செயற்கை நுண்ணறிவிடம் தமிழிலேயே விளக்கினாள். அது எழுதிக் கொடுத்த நிரலைச் சுகுமார் திருத்தி ஓட்டினான். எண்கள் வந்து குவிந்தன. எது நல்ல நடுக்கம், எது கெட்ட நடுக்கம் என்று இந்தக் கருவிக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

பேச்சியம்மாள் சொல்லிக்கொடுத்தாள். இருபத்திரண்டு வருடமாக ஒப்பந்தக் கூலியாகவே அந்த மில்லில் நூற்கிறவள். அவள் காது அங்கேயே போய்விட்டது. காதில் அடைத்துக்கொள்ளக்கூட யாரும் எதுவும் கொடுக்கவில்லை, பஞ்சு மில்லில்! அதனால் அவள் இயந்திரத்தைக் கையால் தொட்டே பார்த்துப் பழகியிருந்தாள். கோமதி தன் வீட்டுச் சைகையில் கேட்பாள். பேச்சியம்மாள் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "இது நல்லாருக்கு. இது ரெண்டு நாளு தாங்காது" என்பாள். கோமதி அதை அப்படியே எண்ணுக்கு நேராகப் பதிவாள். நாற்பது நாள் இப்படி நடந்தது.

நாற்பத்தோராம் நாள் கருவி தானாகவே ஓர் இயந்திரத்தைக் காட்டியது. கழற்றிப் பார்த்தால் பேரிங்கில் விரிசல். எச்சரிக்கைக்காக, இரைச்சல் புகாத கண்ணாடி அறையில் இருந்த கணினியில் கோமதி ஒரு மணி ஒலிக்கச் செய்திருந்தாள். எல்லோரும் கைதட்டிய பிறகுதான், மணி அடித்திருக்கிறது என்பதே பேச்சியம்மாளுக்குப் புரிந்தது. யார் கையிலிருந்து பாடம் கற்றதோ அவளுக்கே கேட்காத மணி! செவிடர் வீட்டுப் பெண்ணுக்கு இது தோன்றவில்லையே என்று எனக்கு முதல் கோபம் இங்கேதான் வந்தது.

முதலாளி அந்த அறைக்கு வந்து பார்த்தார். மூவரையும் கூப்பிட்டார்.

"பிரமாதம். இனிமே மூணு ஷிப்டும் இதுவே காட்டிக் குடுத்துரும். இந்தக் கண்ணாடி அறையில ஒரு நாற்காலி போடுறேன். உக்காந்து இதைப் பாத்துக்கிற ஆளுக்கு நிரந்தர வேலை. மத்த ரெண்டு பேரு ஒப்பந்தமும் மாசக் கடைசியோட முடியுது, நின்னுக்கலாம். யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, "மணி காதுல விழுற ஆளா இருக்கணும், ஆமா" என்றும் சொன்னார்.

"கம்ப்யூட்டர் வெச்சுப் பாக்கலாம்னு முதல்ல சொன்னதே நான்தான்" என்றான் சுகுமார்.

"சொல்லி என்ன சார், ஓடலையே! நடுக்கத்தப் பாக்கணும்ங்கிறது எங்க வீட்டுல இருந்து வந்த யோசனை" என்றாள் கோமதி.

பேச்சியம்மாள் அவர்கள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். தன் குரலின் அளவு தனக்கே தெரியாததால் அறையே அதிரும்படி சொன்னாள்: "கை என்னுது. காது போனதும் இங்கதான்."

அவள் போன பிறகு சுகுமார் குரலைத் தாழ்த்தினான். "கோமதி, அந்த மணி அப்படியே இருக்கட்டும். போட்டி நம்ம ரெண்டு பேருக்குள்ள முடிஞ்சிரும்."

மணியை எடுத்துவிட்டு விளக்கு எரியச் செய்ய, கோமதி நிரலில் ஒரு வரி தட்டினால் போதும். அவள் வீட்டு அழைப்புமணியே விளக்காகத்தான் எரிகிறது. ஆனால் அந்த வரியைத் தட்டினால் போட்டிக்கு இன்னொருத்தி வந்துவிடுவாள். கணினிமுன் உட்கார்ந்தாள். விரல் எழவில்லை.

சொல்லுங்கள்: கோமதி மணியை மாற்ற வேண்டுமா? அந்த நாற்காலி மூவரில் யாருக்கு உரியது?

விடை: மணியை மாற்றித்தான் ஆகவேண்டும். பெற்றோரிடம் கற்றதை மில்லுக்குக் கொடுத்துவிட்டு, பெற்றோரைப் போன்ற ஒருத்தியை வெளியே நிறுத்துவதற்குத் திருட்டு என்று பெயர். அடுத்து நாற்காலி. மில் மூன்று ஷிப்ட் ஓடுகிறது. ஒரே ஆள் இருபத்துநான்கு மணி நேரமும் கண் விழித்து உட்கார்ந்திருக்க முடியுமா? நாற்காலி ஒன்றுதான், அதில் மாறி மாறி உட்கார மூன்று பேர் வேண்டும். யாரும் வீட்டுக்குப் போக வேண்டியதே இல்லை. இதை முதலாளியிடம் ஒருவரும் கேட்கவில்லை. மூவரில் இருவரை எப்படிக் கழிப்பது என்று இதுவரை நீங்களும் காரணம் தேடிக்கொண்டுதானே இருந்தீர்கள்? முதலாளிக்கு வேண்டியதும் அதுதான்.