அஞ்சனி பொட்டு வைத்துக்கொண்ட கதை

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் அஞ்சனி என்றொரு கருஞ்சிறுத்தை இருந்தது. வேட்டையில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் ஒரு குறை அதன் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அண்ணன்மார் இருவருக்கும் மஞ்சள் தோலில் உடம்பெல்லாம் புள்ளிகள். இதற்கோ அடுப்புக்கரி நிறம்.

"புள்ளி இல்லாததெல்லாம் ஒரு சிறுத்தையா?" என்று அண்ணன்மார் கேட்டால், அன்று அஞ்சனிக்குத் தொண்டையில் இறைச்சி இறங்காது.

நரி இதை மோப்பம் பிடித்துவிட்டது.

"கவலையை விடு தங்கச்சி. நான் புள்ளி வைத்துவிடுகிறேன். கூலிக்கு அந்த மரத்தில் நீ தொங்கவிட்டிருக்கும் மான் போதும்," என்றது.

"கறுப்பு உடம்பில் கறுப்புப் புள்ளி தெரியுமா?"

"அதற்குத்தான் வெள்ளைப் புள்ளி."

ஓடைக்கரை வெள்ளைக் களிமண்ணைக் குழைத்து, முள்ளம்பன்றி முள்ளால் தலைமுதல் வால்வரை பொட்டுப் பொட்டாக வைத்தது நரி. பிறகு மானை இழுத்துக்கொண்டு நடையைக் கட்டியது.

அந்தியில் அஞ்சனி வேட்டைக்குப் போனது. குழந்தைகளே, இருட்டில் வெள்ளைப் பொட்டுகள் நடந்து வந்தால் மானுக்குத் தெரியாதா?

"அதோ, பொட்டுக்காரி வருகிறாள்," என்று மான்குட்டிகூடச் சொல்லிவிட்டு ஓடியது. மறுநாளும் அதே கதைதான். அஞ்சனிக்கு வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது. பசி தாங்காமல் அழுதேவிட்டது.

அதற்கடுத்த நாள் நல்ல மழை. பொட்டெல்லாம் கரைந்து போயிற்று. மழை விட்டதும் அஞ்சனி பாறைமேல் படுத்து வெயில் காய்ந்தது. விலாவை நக்கத் திரும்பியபோது, நீட்டிய நாக்கு நீட்டியபடியே நின்றது. சுள்ளென்ற வெயிலில், கறுப்புக்குள் கறுப்பாகப் புள்ளிகள் தெரிந்தன. அண்ணன்மாருக்கு இருப்பவை போலவே, உடம்பு முழுக்க.

"அட, இவை பிறந்ததிலிருந்தே இங்கேதான் இருந்தனவா?" என்று அதற்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று அந்தியில் மூங்கில் நிழலில் அது பதுங்கிக் கிடந்தது. சுரைக்குடுவை நிறையக் களிமண்ணைச் சுமந்துகொண்டு நரி வந்தது. அஞ்சனி அங்கே கிடப்பது தெரியாமல் அதன் முகத்தருகிலேயே உட்கார்ந்தது.

"மழையில் பொட்டு அழிந்திருக்கும். மறுபடி மான் பிடித்திருப்பாள். இன்னொரு பூச்சு, இன்னொரு மான். இப்படி ஓர் ஏமாளி கிடைக்க நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும்," என்று முணுமுணுத்தது. "எங்கே போய்த் தொலைந்தாள் இந்தக் கரிக்கட்டை?"

"உங்கள் காதுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன் நரியண்ணே," என்றது அஞ்சனி.

நரி துள்ளிய துள்ளலில் களிமண் முழுவதும் அதன் தலையிலேயே கவிழ்ந்தது. வெள்ளை வெளேரென்று அது ஓடியதைக் காடே பார்த்தது. அன்று அஞ்சனி வயிறாரத் தின்றது. நரிக்கோ, அடுத்த மழை வரும்வரை ஒரு நண்டுகூடச் சிக்கவில்லை.

நீதி: கேலிக்கு அஞ்சி இயல்பை மாற்றிக்கொண்டால், இருக்கிற பலமும் போய்விடும்.