கண்ணாடி மேல் ஒரு பொட்டு

மிளகாய் மண்டிகள் நிறைந்த ஓர் ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால், அக்காவும் தம்பியுமாக இரண்டு டாக்டர்கள் ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்தி வந்தார்கள். அக்கா உமையாள், தம்பி வயிரவன். ஊரில் பாதிப் பேருக்கு அக்கா கைராசி, மீதிப் பேருக்குத் தம்பி கைராசி.

சிகிச்சை அறையின் மூலையில் ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் நின்றது. அதன் கழுத்தில் வட்டமாக ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குள் மெலிந்த ஒரு முள். உள்ளே எவ்வளவு மூச்சு மிச்சம் இருக்கிறது என்று காட்டுவதுதான் முள்ளின் வேலை. அதற்குக் கூட்டிச் சொல்லவும் தெரியாது, குறைத்துச் சொல்லவும் தெரியாது. இந்தக் குணம் உள்ளவர்களுக்கு நண்பர்கள் குறைவு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. எடை மெஷின், பி.பி. மெஷின், டாக்டரின் டார்ச் லைட் வரை எல்லாம் குளித்து முடித்தன. சிலிண்டரையும் பின்கட்டுக்கு உருட்டிக்கொண்டு போய்க் கழுவினார்கள். உருட்டிய உருட்டில், காற்றை அடைத்திருக்கும் அதன் திருகு மூடி அரைச் சுற்று நெகிழ்ந்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

பெருக்கித் துடைக்கும் இருளாயி அக்காதான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பவள். சிலிண்டருக்கு எங்கே வைப்பது? உடம்பெல்லாம் பெயின்ட் உரிந்து கிடந்தது. முகம் மாதிரி இருந்தது அந்த வட்டக் கண்ணாடி ஒன்றுதான். அதன் நடுவில் சந்தனத்தை அள்ளி அப்பி, மேலே குங்குமம் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முள் முழுசாக மறைந்துபோனது.

அன்றிலிருந்து காற்று கசியத் தொடங்கியது. ஃபேன் சத்தத்தில் அந்த 'உஸ்' யார் காதிலும் விழவில்லை. நூற்று ஐம்பதில் நின்ற முள் நூறுக்கு வந்தது, அறுபதுக்கு வந்தது, சிவப்புக் கோட்டைத் தாண்டிப் பத்தில் வந்து நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். காலி சிலிண்டரை ஒரு பொட்டில் மறைக்கலாம் போலிருக்கிறது.

"கொஞ்சம் நகர்ந்துகொள்ளேன். நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது" என்றது முள்.

"நகர்வதா?" என்று திடுக்கிட்டது பொட்டு. "உன்னைக் கும்பிட்டு என்னை வைத்திருக்கிறார்கள். உனக்குக் கிடைத்த மரியாதையே நான்தான்."

"மரியாதை இருக்கட்டும். மூச்சுத் திணறி ஒருவர் வந்தால் ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது. அது யாருக்கும் தெரியாது."

மேஜை மேல் படுத்திருந்த பதிவேடு இதைக் கேட்டுச் சிரித்தது. தினமும் சிலிண்டரைப் பார்த்து எழுத வேண்டிய பதிவேடு அது. மாதத்தின் முதல் நாளில் 'சிலிண்டர் ஃபுல்' என்று இருந்தது. அதற்குக் கீழே ஒவ்வொரு நாளுக்கும் நேராக, 'மேற்படி'.

"என்னைப் பார். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. மேற்படி, மேற்படி, மேற்படி! நீ ஏன் ஏறி இறங்கி அலைகிறாய்?" என்றது.

"உள்ளே இறங்குகிறது, அதனால் நானும் இறங்குகிறேன்."

"எனக்கு உள்ளே பார்க்கிற பழக்கம் இல்லை" என்றது பதிவேடு, பெருமையாக.

பதிவேட்டில் எழுதுபவள் சிஸ்டர் ஜெபக்கனி. சோம்பேறி அல்ல, ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது, அப்படிப்பட்ட கை. பூஜைக்கு மறுநாள் பொட்டைத் துடைத்துவிட்டுப் பார்க்கலாம் என்று பஞ்சை எடுத்துக்கொண்டு வந்தவள்தான். 'அவங்க சாமிக்கு வெச்சது. நான் கை வெச்சா தப்பா நெனச்சுக்குவாங்களோ' என்று தயங்கி நின்றாள். பஞ்சு திரும்பிப் போனது, மேற்படி வந்தது.

இப்படி இருக்கையில் ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியின் தரத்தையும் பாதுகாப்பையும் பார்க்க வியாழக்கிழமை ஆய்வாளர் வருகிறார்!

கல்யாண வீடு தோற்றது. தரையில் ஃபினாயில் ஓடியது. தீயணைக்கும் வாளிக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து, காய்வதற்குள் தொட்டு, எல்லோர் கையிலும் சிவப்பு. காலாவதியான மருந்துகள் பெட்டியோடு வெளியேறின. வாசலுக்கு மேலே சட்டத்துக்குள் மாட்டியிருந்த பழைய தரச் சான்றிதழ், மேலிருந்தபடி அதிகாரம் பண்ணியது.

"எல்லோரும் கேளுங்கள். இந்த ஆஸ்பத்திரியின் மானம் நான்தான். எவனாவது வாயைத் திறந்தால் என்னை இறக்கிவிடுவார்கள். முள்ளே, உன்னைத்தான் சொல்கிறேன்!"

"என் வாயைத்தான் ஏற்கெனவே மூடியாகிவிட்டதே" என்றது முள்.

புதன்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், முள் கடைசியாக ஒருமுறை பொட்டிடம் பேசியது. இம்முறை அதன் குரலில் கெஞ்சல் இருந்தது. எனக்கே பாவமாக இருக்கிறது, பொட்டுக்கு இருக்காதா?

"ஒன்று மட்டும் சொல். ஆயுத பூஜையில் எதைக் கும்பிடுகிறார்கள்?"

"ஆயுதத்தை."

"ஆயுதத்தின் எதை? பெயின்டையா, கண்ணாடியையா?"

பொட்டு யோசித்தது. "அது செய்கிற வேலையை" என்றது மெதுவாக.

"என் வேலையைச் செய்யவிடாமல் என்னைக் கும்பிட்டு என்ன புண்ணியம்?"

பொட்டு தன் ஓரங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டது. பிறகு, "நானே இறங்கினால் இருளாயி அக்கா மனசு சங்கடப்படும். ஆனால் ஒரு உயிர் போனால் அவள் தாங்கவே மாட்டாள். என் ஓரமெல்லாம் காய்ந்து விரிந்துவிட்டது. நேரம் பார்த்து விழுகிறேன்" என்றது.

வியாழக்கிழமை ஆய்வாளர் திருவேங்கடம் வந்தார். வயதானவர், நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது. இரண்டு டாக்டர்களும், ஜெபக்கனியும், வாசல்படியில் துடைப்பத்தோடு இருளாயி அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் குளிர்பெட்டியைப் பார்த்தார், ஊசி அழிக்கும் பெட்டியைப் பார்த்தார், வாளியைத் தொட்டு விரலைத் துடைத்துக்கொண்டார். பதிவேட்டைப் புரட்டி, "ஒரே சீரா இருக்கே" என்றார். பதிவேடு பூரித்துப்போனது. கடைசியில் சிலிண்டருக்கு வந்து, குனிந்தார். முள்ளுக்கு உயிர் வந்தது.

"பூஜைப் பொட்டா? மங்களகரமா இருக்கு. இருக்கட்டும், கலைக்க வேணாம்" என்றார் ஆய்வாளர். குனிந்தபடியே படிவத்தைக் கண்ணாடிக்குக் கீழே பிடித்து, சிலிண்டருக்கு உரிய கட்டத்தில் 'சரி' போடப் பேனாவை வைத்தார்.

"இப்போது!" என்று கத்தியது முள்.

பொட்டு பிடியை விட்டது. சந்தன வில்லை முழுசாகக் கழன்று, நேராக அந்தக் கட்டத்தின் மேலேயே விழுந்தது. ஆய்வாளர் பேனாவை எடுத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே, வெட்கமில்லாமல், ஒளிவுமறைவில்லாமல் பத்தில் நின்றது.

"போச்சு! குடி கெட்டது!" என்றது சான்றிதழ். "எதையாவது சொல்லிச் சமாளியுங்கள்!"

அதன் பேச்சு காதில் விழுந்ததுபோல வயிரவன் அவசரமாக, "நேத்துதான் சார் ஒரு பேஷன்ட்டுக்கு வெச்சோம், அதான் எறங்கிருச்சு" என்றார்.

ஆய்வாளர் பதிவேட்டைத் திறந்தார். நேற்றைக்கு நேராகவும் 'மேற்படி' இருந்தது. அவர் ஜெபக்கனியைப் பார்த்தார். பதிவேட்டுக்கு வியர்த்தது.

ஜெபக்கனி தன் கையெழுத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டால் போதும், தப்பிக்கலாம். அவள் ஆட்டவில்லை.

"இல்ல சார். யாருக்கும் வெக்கல. நான் பார்க்காமலே எழுதினேன். அது சாமிக்கு வெச்ச பொட்டு, நான் தொடச்சா மனசு புண்படுமோன்னு விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

"அடி ஏந்தாயி!" என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள் இருளாயி அக்கா. "வெச்ச பொட்ட வெச்ச கையால நான் எப்புடிம்மா அழிப்பேன்? நீ தொடச்சிருவேன்னுல்ல நான் சும்மா இருந்தேன்! ஒன்னய சாமி ஒண்ணும் சொல்லியிருக்காதே!"

உமையாள் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சார், கையெழுத்துப் போடற டாக்டர் நான். பார்த்திருக்க வேண்டியதும் நான்தான். உள்ளது உள்ளபடி எழுதுங்க" என்றாள். பிறகு, "தம்பி, நீ மொதல்ல சிலிண்டருக்குப் போன் போடு" என்றாள்.

"எழுதத்தான் போறேன். குனிஞ்சு பார்த்துட்டு நானும் தொடைக்கல. அதையும் சேர்த்தே எழுதறேன்" என்றார் ஆய்வாளர். நல்ல மனிதர்.

ஒரு மணி நேரத்தில் புது சிலிண்டர் வந்தது. பழைய கண்ணாடியையே கழற்றி அதன் கழுத்தில் பூட்டினார்கள். மூடியைத் திறந்ததும் முள் ஒரே எழும்பலில் நூற்று ஐம்பதுக்குப் போய் நின்றது.

மாலை நாலு மணி. ஆய்வாளர் உள்ளறையில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. மிளகாய் மண்டியில் மூட்டை சுமக்கும் கோட்டைச்சாமியை நாலு பேர் தூக்கி வந்தார்கள். மிளகாய்த் தூசி நெஞ்சை அடைத்து, உதடு நீலம் பாரித்திருந்தது.

"டாக்டரம்மா, மூச்சு வரலம்மா! பேச்சும் இல்ல!"

ஜெபக்கனி மாஸ்க்கை மாட்டினாள், உமையாள் ஊசி போட்டாள், வயிரவன் ஆம்புலன்ஸை அழைத்தார். ஐந்து நிமிஷம் ஆனது. பத்து நிமிஷம் ஆனது. ஜெபக்கனி ஒரு கண்ணைக் கோட்டைச்சாமி மேலும் ஒரு கண்ணை முள் மேலும் வைத்திருந்தாள். முள் துளித் துளியாக இறங்கியது. ஒவ்வொரு துளியும் ஒரு மூச்சு. நாற்பது நிமிஷம் கழித்து ஆம்புலன்ஸ் வந்தபோது, கோட்டைச்சாமி மாஸ்க்கை விலக்கிவிட்டு முதல் வார்த்தை பேசினார்.

"என் துண்டு எங்கடா?"

அறையே சிரித்தது. இருளாயி அக்கா மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

கதவோரம் நின்று பார்த்த ஆய்வாளருக்கும் கண் கலங்கியது. ஆனால், "மார்க் கொறைச்சது கொறைச்சதுதான். மூணு மாசத்துல திரும்ப வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

சான்றிதழ் மூன்று மாதம் அலமாரியில் குப்புறக் கிடந்தது. ஜெபக்கனி பதிவேட்டில் மேற்படியை விட்டாள். தினமும் கண்ணால் பார்த்த எண்ணை எழுதினாள். 'நூற்று நாற்பது', 'நூற்று முப்பத்தெட்டு', ஒரு நாள் அடித்தல்கூட இருந்தது. மறுபடி வந்த ஆய்வாளர் அந்த அடித்தலில் விரலை வைத்து, "இது பார்த்து எழுதினது" என்றார். சான்றிதழ் புது மையோடு வாசலுக்கு ஏறியது. அதன் பிறகு அது அதட்டியதாகத் தெரியவில்லை.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. இருளாயி அக்கா சந்தனக் கிண்ணத்தோடு சிலிண்டர் முன்னால் நின்றாள். முதலில் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். கண்ணைச் சுருக்கி முள்ளைப் பார்த்தாள்.

"சிஸ்டரு, நூத்தி நாப்பத்தஞ்சு. எழுதிக்க."

எழுதியாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டுதான் கண்ணாடிக்குக் கீழே, சிலிண்டரின் தோளில், பொட்டு வைத்தாள்.

பொட்டு அண்ணாந்து முள்ளைப் பார்த்துச் சொன்னது:

"போன வருஷம் உனக்குப் பொட்டு மட்டும்தான் வைத்தார்கள். இந்த வருஷம்தான் பூஜை நடந்திருக்கிறது."