குளவியின் பிள்ளை

"நான் எங்கிருந்து வந்தேன்?"

அறவாழி இந்தக் கேள்வியோடு ஏறாத மடம் இல்லை. அறுபதை நெருங்குகிற மனிதர் மூச்சு வாங்க மலையேறி வந்து கேட்டதால், எல்லோரும் அதைப் பெரிய கேள்வி என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் பரம்பொருளிலிருந்து என்றார். இன்னொருவர், நீ வரவே இல்லை என்றார். மூன்றாமவர் கண்ணை மூடிக்கொண்டார். திறப்பார் திறப்பார் என்று அறவாழி சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினார்.

வேலம்மை மட்டும், "எந்த ஊரு?" என்று கேட்டார்.

வேலம்மை அறவாழியைவிட வயதில் சின்னவர். அருவிக்கரையில் ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். அக்கம்பக்கத்தில் அவரைச் சாமி என்பார்கள்.

"ஊரு தெரிஞ்சா இங்க எதுக்கு சாமி வர்றேன்? நான் அநாதை இல்லத்துல வளந்தவன். கேட்டா எல்லாரும் கடவுளைக் காட்டுறாங்க. எனக்கு எங்கம்மாவைத் தெரியணும்."

"எனக்கும் தெரியாதே ஐயா."

அறவாழி எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். அதுவே அவருக்கு ஆறுதலாக இருந்தது. அங்கேயே தங்கிவிட்டார்.

விறகு பிளந்தார். தண்ணீர் சுமந்தார். அருவிக்குக் குளிக்க வரும் வயதான பெண்களின் காதுகளை மட்டும் உற்றுப் பார்ப்பார். அவருடைய காது மடல் கன்னத்தோடு ஒட்டினாற்போல் இருக்கும். அதே காது யாருக்காவது இருக்கிறதா என்று பார்ப்பார். திட்டு வாங்கிய நாட்களும் உண்டு.

ஒரு காலையில் அவரால் அடக்க முடியவில்லை.

"தெரிஞ்ச வரைக்குமாவது சொல்லுங்க சாமி."

"உங்களுக்கு ஒரு அம்மா. அவளுக்கு ஒரு அம்மா. அவளுக்கும் ஒருத்தி. அப்படியே பின்னால போய்க்கிட்டே இருங்க."

"எதுவரைக்கும்?"

"ஒரு இடத்துல பேரு நின்னுபோகும். அப்புறம் பேச்சு நின்னுபோகும். நிமிந்து நடக்கிறதும் நின்னுபோகும். அதுக்குப் பின்னாலயும் அம்மா உண்டு."

"குரங்கா?"

"இன்னைக்கு மரத்துல இருக்கிற குரங்கு நமக்குப் பங்காளி. பங்காளியைப் போய் அம்மான்னு சொல்லலாமா?"

வெளியே ஒரு பங்காளி, கொடியில் காய்ந்த அறவாழியின் துண்டை இழுத்துக்கொண்டிருந்தது. அவர் விரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்னும் பின்னால போனா?"

"எலி மாதிரி ஒருத்தி. அதுக்கும் முன்னால, தண்ணியை விட்டுச் சேத்துல ஏறின மீனு மாதிரி ஒருத்தி. கடைசியில பழைய கடல்ல, கண்ணுக்கே தெரியாத ஒரு பொட்டு. அது ரெண்டாப் பிரிஞ்சுது. அன்னைக்குத் தொடங்கினதுதான் இந்தப் பிரசவம்."

"அந்தப் பொட்டு எப்படி வந்துச்சு?"

"தண்ணி, கல்லு, சூடு. அதுக்கு மேல யாருக்கும் சரியாத் தெரியாது. எனக்கும்தான்."

"மீனு எப்படி சாமி மனுசனாகும்?"

"ஒரு நாளும் ஆகல. எந்தத் தாயும் தன் பிள்ளையைப் பாத்து, இது வேற உயிருன்னு நெனச்சதில்ல. ஒண்ணுக்குக் காலு கொஞ்சம் நீளும். ஒண்ணுக்கு மூக்கு கொஞ்சம் மாறும். பொழச்சது பெத்துது, அவ்வளவுதான். பெறாமலே செத்தது கோடானுகோடி. உங்க வழியில அப்படி ஒருத்திகூட இல்ல ஐயா."

வேறு யாராக இருந்தாலும் மெய்சிலிர்த்திருப்பார்கள். அறவாழிக்கு அழுகைதான் வந்தது.

"அத்தனை கோடித் தாய் எனக்கு வேண்டாம் சாமி. ஒருத்தி போதும். கடைசியா வந்தவ."

வேலம்மை ஜன்னல் பக்கம் திரும்பினார்.

ஜன்னல் சட்டத்தில் ஒரு குளவி, தன் மண்கூட்டின் வாயை அடைத்துவிட்டுப் பறந்தது. அறவாழி மூக்கை உறிஞ்சியபடி அதைப் பார்த்தார்.

"குளவியே தேவல. எங்கிருந்தோ ஒரு புழுவைத் தூக்கிட்டு வந்து, கொட்டிக் கொட்டித் தன் பிள்ளையா ஆக்கிக்குது. என்னை அப்படி ஆக்கிக்க ஒரு ஆள் இல்ல."

"யாரு சொன்னா?"

"எல்லா மடத்துலயும் சொல்றாங்களே."

"ஒரு மடத்துலயும் கூட்டைத் திறந்து பாக்கல போல."

வேலம்மை ஈர்க்குச்சியால் ஈர மண்ணை மெல்ல விலக்கினார். உள்ளே பச்சைப் புழுக்கள் மயங்கிக் கிடந்தன. அவற்றுக்கு மேலே, மெல்லிய இழையில், நொய்யரிசி அளவில் ஒரு வெள்ளை முட்டை தொங்கியது.

"புழு புழுதான் ஐயா. அது சோறு. இந்த முட்டைதான் பிள்ளை."

"அம்மா எங்க?"

"போயாச்சு. பிள்ளை வெளிய வர்றப்ப அவ இருக்க மாட்டா. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கவே போறதில்ல."

மண்ணைக் குழைத்து அவர் கூட்டைத் திரும்ப அடைத்தார்.

அறவாழிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இது சோறாவது வச்சுட்டுப் போகுது! எங்கம்மா என்ன வச்சா தெரியுமா? தண்ணி!"

"தண்ணியா?"

இதை அவர் எந்த மடத்திலும் சொன்னதில்லை. சொல்ல வெட்கம்.

"இல்லத்து வாசல்ல ஒரு புளியமரம். அதுக்கடியில பெரிய தாம்பாளம், அது நெறையத் தண்ணி. நடுவுல ஒரு அன்னக்கூடை. அதுக்குள்ள துணி சுத்தி நான். காலையில பாத்த சிஸ்டர் சொன்னாங்க. ஆத்துல விடத் தைரியம் இல்லாம தாம்பாளத்துல விட்டிருக்கா. புரண்டு விழுந்து சாகட்டும்னு. ஆயுசு பூரா இதைத்தான் சாமி நெனச்சுக்கிட்டுத் தூங்குறேன்."

வேலம்மை எழுந்து அடுக்களைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு இருந்தது. தட்டில் தண்ணீர். தண்ணீருக்கு நடுவில் வெல்ல டப்பா. அதை அவர் முன்னால் தரையில் வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் சுவரோரமாக எறும்புகள் வந்தன. தட்டின் விளிம்பில் ஏறின. தண்ணீரைத் தொட்டுப் பார்த்தன. சுற்றிச் சுற்றி வந்தன. பிறகு இறங்கிப் போயின.

அறவாழி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சாமி... புளியமரத்தடியில கட்டெறும்பு இருக்குமில்ல?"

"நெறைய இருக்கும் ஐயா."