பிஸ்தா பச்சைத் தட்டு

பாளையங்கோட்டையில் சிவபாக்கியம் அம்மாவிடம் ஆன்மிகப் பாடம் கேட்க வருகிறவர்களில் ஆவுடையப்பன் ஒருவர்தான் அவரைவிட மூத்தவர். ஆசிரியரே அவரை ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவார்.

ஆவுடையப்பனுக்குப் பழைய பிளாஸ்டிக் தட்டுகள் சேர்ப்பதில் பைத்தியம். விருந்தாளிக்குக் காப்பி கொண்டுவருவோமே, அந்த நீளத் தட்டுகள். கனத்த பித்தளைத் தாம்பாளங்கள் பரணில் ஏறிய காலத்தில் வீடுகளுக்குள் வந்தவை. எது கல்யாண அன்பளிப்பு, எது டீத்தூளோடு இலவசமாக வந்தது என்று விளிம்பைத் தடவியே சொல்லிவிடுவார். மூலையில் மாதுளைப் படம் போட்ட வரிசையில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு அவரிடம் இருந்தன. பிஸ்தா பச்சை மட்டும் பல வருஷமாக அகப்படவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று பக்கத்து வீட்டு எஸ்தர் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தாள். லேஸ் துணியை விலக்கினார். அச்சுமுறுக்குக்கு அடியில் பிஸ்தா பச்சை.

அடுத்த பாடத்தன்று ஆசிரியர் முன் வந்து உட்கார்ந்தார்.

“அம்மா, நன்றிக்கடனைச் சரியாத் தீர்க்கிறது எப்படி?”

“என்ன செஞ்சீங்க?”

“பலகாரம் வந்த தட்டை வெறுமனே அனுப்பக்கூடாதே. புது எவர்சில்வர் தட்டு வாங்கி, நிறைய ஆப்பிள் வச்சுக் கொடுத்தேன்.”

“வந்த தட்டு?”

“அது... வீட்ல இருக்கு. அதைவிட இதுதாம்மா விலை ஜாஸ்தி.”

“எஸ்தர் என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. எவர்சில்வர் தட்டு நிறைய முந்திரிக்கொத்து வச்சுத் திருப்பிட்டா.”

சிவபாக்கியம் சிரித்த சிரிப்பில் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஒரு தட்டைத் திருப்பப் போயி, இப்ப ரெண்டு தட்டு திருப்பணுமா?”

“அதாம்மா. கடையில வேற என்ன வாங்கி வைக்கட்டும்?”

“கடையிலயா? அவ அடுப்பு முன்னால நின்னுல்லா செஞ்சா.”

மனைவி இறந்த பிறகு ஆவுடையப்பன் அடுப்புப் பற்றவைத்ததில்லை. மெஸ் சாப்பாடுதான். அன்று கேசரி கிளறினார். அடிப்பிடித்தது. மேலாக அள்ளிப் பச்சைத் தட்டில் பரப்பினார். வாசலில் ஒருதரம் நின்றார். மாதுளையை விரலால் தொட்டார். பிறகு துணியைப் போட்டு மூடிக்கொண்டு நடந்தார்.

எஸ்தர் துணியை விலக்கினாள்.

“எங்க அம்மை தட்டு! கேட்டா நல்லாருக்காதேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி.” ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். “இது கேசரியா, அல்வாவா?”

“ரெண்டுக்கும் நடுவுல.”

“உள்ள வாங்க, டீ போடுதேன்.”

அன்று அவர் மெஸ்ஸுக்குப் போகவில்லை.

ஈஸ்டர் முடிந்து ஆவுடையப்பன் பாடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

“என்ன அண்ணாச்சி?”

“பச்சைத் தட்டு மறுபடி வந்துட்டும்மா. நிறைய கேக்கு.”

“வச்சுக்கிடச் சொன்னாளா?”

“இல்ல. ‘தட்டு மெதுவா வரட்டும்’னா.”

“சரி.”

“அலமாரியில அதுக்குன்னு ஒரு இடம் காலியா விட்டிருக்கேன். இப்ப அது அவ தட்டா, என் தட்டா?”

சிவபாக்கியம் அவரைப் பார்த்தார்.

“அடுத்து என்ன சமைக்கப் போறீங்க?”