இரண்டு பக்கப் பந்தி

மாணிக்கவேள் மகாராஜாவுக்கு இரண்டு விஷயங்களில் உயிர். ஒன்று தன் நாட்டுக் கரிசலில் விளையும் பருத்தி. மற்றது பந்தி. சாப்பிட உட்கார்ந்தால் மனிதர் லேசில் எழுந்திருக்க மாட்டார்.

அந்த வருஷம் மழை கையை விரித்துவிட்டது. கண்மாயில் பாதித் தண்ணீர்தான். நீர்ப்பங்கீட்டு அதிகாரி அனந்தப்பர் சபையில் எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

"அரசே, இருக்கிற தண்ணீர் மேல்மடைப் பருத்திக்கே சரியாகப் போய்விடும். கடைமடை மதகை அடைத்துவிடலாம்."

மேல்மடையில் யாருடைய நிலம் இருந்தது என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

கடைமடையிலிருந்து முறையிட வந்திருந்த குருவம்மா முன்னால் வந்து கும்பிட்டாள். "மகாராசா, செடி இப்பத்தான் மொட்டு வச்சிருக்கு. தண்ணி நின்னா நாப்பது குடும்பமும் ஊரக் காலி பண்ணிட்டுப் போகணும்."

சபையில் உலகுடையான் என்றொரு ஆலோசகன் இருந்தான். வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய் இப்போது சும்மா இருக்கவில்லை.

"பருத்திக்கு எப்படித் தண்ணீர் விடுகிறீர்கள், ஐயா?"

"இதென்ன கேள்வி? இரண்டு வரிசைக்கு நடுவே ஒரு சால். எல்லாச் சாலிலும் தளும்பத் தளும்ப விடுகிறோம். ஒவ்வொரு செடிக்கும் இரண்டு பக்கமும் தண்ணீர்."

"ஒரு சால் விட்டு ஒரு சாலில் விடுங்கள். கரிசல் மண் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரே சால் இரண்டு பக்கத்து வரிசையையும் நனைக்கும். அடுத்த முறை, விட்டுப்போன சாலில் விடலாம். கடைமடைக்கும் தண்ணீர் எட்டும்."

அனந்தப்பர் சபையே திரும்பும்படி சிரித்தார். "ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் செடி அரைப்பட்டினி கிடக்கும், தம்பி."

ராஜா மீசையைத் தடவினார். "உலகுடையான், ஒரு பக்கம் போதும் என்று நாளை மத்தியானத்துக்குள் காட்டு. இல்லையென்றால் மதகு அடைபடும்."

பருத்தி வெடிக்க மாதக்கணக்கில் ஆகும். ஒரே நாளில் எதைக் காட்டுவது? அவசரப்பட்டுவிட்டோமே என்று உலகுடையான் தன்னையே நொந்துகொண்டான். குருவம்மாவின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தவனின் மூக்கில் அரண்மனைச் சமையற்கட்டின் தாளிப்பு ஏறியது. சட்டென்று நின்றான். அப்புறம் நேரே தலைமைச் சமையற்காரரைத் தேடிப் போனான்.

மறுநாள் மத்தியானம் பந்தி. வழக்கம்போல் இலைகள் எதிரெதிராக இரண்டு வரிசை. நடுவே ஒருவர் நடந்து இரு பக்கமும் பரிமாறினார். அனந்தப்பரின் முதுகுக்குப் பின்னால் மட்டும் இன்னொருவர் வாளியோடு நின்றார்.

முன்னால் இருந்தவர் சோறு வைத்தார். பின்னால் இருந்தவரும் குனிந்து வைத்தார். முன்னாலிருந்து சாம்பார். பின்னாலிருந்தும் சாம்பார். அனந்தப்பர் இலைக்கு மேல் கையை மறித்தார். கைக்கு அந்தப் பக்கம் ரசம் விழுந்தது.

"போதும்யா, போதும்."

"இரண்டு பக்கமும்னு உத்தரவுங்க" என்றார் பின்னால் நின்றவர், இன்னொரு கரண்டியைச் சாய்த்தபடி.

அப்பளம் மிதந்தது. பாயசம் ஊறுகாயோடு சேர்ந்தது. ரசம் கரை உடைத்து அனந்தப்பரின் பட்டு வேட்டியில் பாய்ந்தது. அவரால் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை.

"என்ன கூத்து இது?" என்றார் ராஜா.

உலகுடையான் பணிவாக எழுந்தான். "ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் அரைப்பட்டினி என்று ஐயாதான் நேற்றுச் சொன்னார். எங்களுக்கெல்லாம் நடுவே நடக்கிற ஒருவர்தான் போடுகிறார். நாங்கள் யாராவது பட்டினி கிடக்கிறோமா, அரசே?"

ராஜா குனிந்து தன் தொப்பையைப் பார்த்தார். அவருக்கும் ஆயுசு முழுக்க ஒரு பக்கம்தான் பரிமாறியிருந்தார்கள்.

அனந்தப்பருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நான் போதும் போதும் என்று சொன்னேனே. கையைக்கூட மறித்தேனே."

"உங்கள் பருத்தியும் அதையேதான் சொல்கிறது, ஐயா. பாவம், அதற்கு மறிக்கக் கை இல்லை. மொட்டை உதிர்த்துக் காட்டுகிறது. மேல்மடையில் காலடியில் கொட்டிக் கிடக்கிறதே, பார்த்ததில்லையா?"

அனந்தப்பர் குனிந்து வேட்டியைப் பிழிய ஆரம்பித்தார். அதை அவர் பார்த்திருந்தார்.

ராஜா புரையேறும்வரை சிரித்தார். தன் தோளிலிருந்த சால்வையை எடுத்து உலகுடையானுக்குப் போர்த்தினார். பிறகு அனந்தப்பர் பக்கம் திரும்பினார். "வேட்டி மாற்ற வேண்டாம். இப்படியே போய்க் கடைமடை மதகை முழுசாகத் திறந்துவிடும்."

அன்று சாயங்காலம் வந்த தண்ணீரில் ரச வாசனை அடித்ததாகக் குருவம்மா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.