மூன்றாம் தொட்டிக்கு என்ன நோய்?

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடர் ஐம்பதைத் தாண்டியவர். நாமக்கல் பக்கம், கோழித் தீவனத்துக்கு லைசின் என்ற அமினோ அமிலம் தயாரிக்கும் ஆலையில்தான் இருவருக்கும் பிழைப்பு. மன அமைதி தேடி யாரும் அங்கே போகமாட்டார்கள். எந்நேரமும் இரைச்சல், பாகு புளித்த வாடை.

செங்கோட்டுவேல் முன்பு சர்க்கரை ஆலையில் இருந்தவர். அதை மூடிய பிறகு இங்கே வந்து, தன்னைவிட இளையவரான பூங்கொடியிடம் அரிச்சுவடியிலிருந்து தொழில் கற்றார். முதல் பாடம் அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

"மக்காச்சோளத்துல லைசின் கம்மிங்ணா. அது பத்தலைன்னா கோழி தேறாது. சோயாப் புண்ணாக்கைக் கொட்டிக் கொட்டிப் போடறதுக்குப் பதிலா, லைசினை மட்டும் தனியாச் செஞ்சு கலக்கறோம். நாம எங்க செய்யறோம், தொட்டியில பாகைத் தின்னு வளர்ற இந்தக் கிருமிதான் செய்யுது."

"அது எதுக்குங்க நமக்குச் செய்யுது?"

"சாதாரணமா தனக்கு மட்டும்தான் செய்யும். வேணுங்கற அளவு சேர்ந்ததும் நிறுத்திக்கும். இந்த ரகத்துல அந்தப் 'போதும்'ங்கற உணர்வை எடுத்துட்டாங்க. இதுக்கு நிறுத்தத் தெரியாது."

"பாவமுங்க," என்று சிரித்தார் செங்கோட்டுவேல்.

அந்தச் சிரிப்பெல்லாம் சீக்கிரமே போயிற்று. எல்லாத் தொட்டிகளும் அவர் பொறுப்புக்கு வந்தன. ஒன்று நுரைத்தால் இன்னொன்று சூடேறும். வீடு ராசிபுரத்தில்தான், பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஆனாலும் படுக்கை ஆலை விடுதியில் என்றாகிவிட்டது. மனைவி வளர்மதிக்குக் கர்ப்பப்பை எடுத்து வீட்டுக்கு அழைத்து வந்த பிறகும் அவர் போய்ப் பார்க்கவில்லை. வெட்கக்கேடுதான், அவருக்கே தெரியும். மகள் போன் செய்யும்போதெல்லாம் ஒரே பதில்: "இந்தத் தொட்டி சரியாகட்டும் கண்ணு, வந்தர்றேன்."

கடைசியாகப் பேசியபோது மகள் சண்டை போடக்கூட இல்லை. "அம்மா இப்பெல்லாம் உங்களக் கேக்கறதில்லப்பா," என்றாள்.

அந்த வாரம் மூன்றாம் தொட்டி படுத்துக்கொண்டது. கிருமி என்னவோ கொழுகொழுவென்று பெருகியது, லைசின் மட்டும் நாளுக்கு நாள் குறைந்தது. வெளியிலிருந்து வேறு கிருமி புகுந்துவிட்டது என்று செங்கோட்டுவேல் முடிவு கட்டினார். குழாய் குழாயாகத் துடைத்தெடுத்துச் சோதித்தார். காற்று வடிகட்டியை மாற்றினார். ஒன்றும் அகப்படவில்லை. கண் எரிந்தது, கால் வீங்கிவிட்டது. கடைசியில் ஒரு குடுவையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பூங்கொடியிடம் போனார்.

"என்ன நோய்னே புடிபடலைங்க மேடம்."

பூங்கொடி குடுவையை வாங்கிக்கொண்டார். "வீட்டுக்குப் போனீங்களா?"

"தொட்டி சரியாகட்டும்ங்க."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வாரம் ரெண்டாம் தொட்டிங்க."

சோதனை முடிந்ததும் பூங்கொடி அவரைக் கூப்பிட்டு நுண்ணோக்கியின் முன் உட்கார வைத்தார். முதலில் ஆய்வகத்தில் பாதுகாத்து வைத்திருக்கும் மூலக் கிருமி, அடுத்துத் தொட்டிக் கிருமி.

"ரெண்டும் ஒரே மாதிரித்தானுங்க இருக்குது."

"ரெண்டும் ஒண்ணுதான். வெளிய இருந்து எதுவும் வரலை."

"அப்புறம் ஏனுங்க இது வேலை செய்ய மாட்டேங்குது?"

"செய்யுதுங்ணா. தனக்கு வேணுங்கறதைச் செஞ்சுட்டு நிறுத்திக்குது. கோடியில ஒண்ணுக்கு அந்தப் 'போதும்'ங்கற உணர்வு தானாத் திரும்பி வந்துரும். அந்த ஒண்ணு நல்லாத் தின்னு பெருகி, இப்பத் தொட்டி பூராம் அதுதான்."

பூங்கொடியும் களைத்துத்தான் போயிருந்தார். தொட்டிக்குள் நீராவி விட்டு எல்லாவற்றையும் கொன்றுவிட்டு, மூலக் கிருமியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்றார். இருவரும் மூன்றாம் தொட்டிக்கு நடந்தார்கள். செங்கோட்டுவேல் ஆவி வால்வில் கை வைத்தார். ஆனால் திருப்பவில்லை.

"இதுக்கு என்ன நோய்னு நீங்க சொல்லவே இல்லீங்களே மேடம்?"

"முன்னால இருந்ததுதாங்ணா நோய். இப்பக் குணமாயிருச்சு."



"குணமானதைப் போய் ஏனுங்க கொல்லணும்?"

பூங்கொடி அவரை நகரச் சொல்லிவிட்டு வால்வைத் தானே பிடித்துக்கொண்டார்.

"குணமானதை வெச்சுக்கிட்டு ஆலை ஓட்ட முடியாதுங்ணா. இதை நான் பாத்துக்கறேன். நீங்க ராசிபுரத்துக்குக் கிளம்புங்க."