ஒரு கூடைக் களிமண்

முன்னொரு காலத்தில், தன் பெயரைக்கூடக் காலத்திடம் இழந்துவிட்ட ஒரு நாட்டில், நெடுநாள் பிள்ளையின்றி ஏங்கிய மன்னருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. பேறு நிகழ்ந்த அறையில் ஏற்றிய விளக்கு, குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாள்வரை அணையக்கூடாது என்பது அக்குலத்து வழக்கம். ஒரு காலை, சுவரின் காற்றுத்துளை வழியே குத்திய வாடைக்காற்று அவ்விளக்கை அணைக்கப் பார்த்தது. செவிலி நங்கை பாய்ந்து சென்று, சுடரைக் கைகளால் மறைத்துக் காத்தாள்.

செய்தி கேட்ட மன்னர் நடுங்கிப்போனார். “என் மகன் அறையில் காற்று நுழையும் துளை ஒன்றுகூட மிஞ்சக்கூடாது! அனைத்தையும் களிமண்ணால் அடையுங்கள்!”

அவையின் விகடர் அம்பலவாணர் எழுந்தார். “அரசே, எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் குழந்தைக்கு...”

மாளிகை அதிகாரி மல்லையர் அவரை முடிக்க விடவில்லை. அம்பலவாணர் பரிசு பெறும் நாளெல்லாம் உறக்கத்தை இழப்பவர் அவர். “பார்த்தீர்களா அரசே? இளவரசர் விஷயத்திலும் இவருக்கு விளையாட்டுதான்! அடைக்கும் பொறுப்பை இவரிடமே கொடுங்கள். ஒரு துளை மிஞ்சினாலும் நாட்டைவிட்டுப் போகட்டும்.”

“அப்படியே ஆகட்டும். மறுபேச்சுப் பேசுவோருக்கும் அதுவே தண்டனை” என்றார் மன்னர். அச்சம் அவர் செவிகளை முன்பே அடைத்திருந்தது.

அம்பலவாணர் கூடை நிறையக் களிமண்ணுடன் சென்றார். கூரையோரத் துளைகளும் சுவரடித் துளைகளும் ஒவ்வொன்றாக அடைபட்டன. மல்லையர் பின்னாலேயே வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். குழந்தையைக் குளிப்பாட்டியபின் காட்டிய சாம்பிராணிப் புகை, வெளியேற வழியின்றி உத்தரத்தில் தேங்கி, மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. குழந்தை இருமியது. அரசியின் நெற்றி வியர்த்தது.

“ஐயா, பிள்ளைக்கு மூச்சு முட்டுதே! ஏதாச்சும் செய்யுங்களேன்” என்று கெஞ்சினாள் நங்கை.

அம்பலவாணர் கையிலிருந்த மண்ணைக் கூடையில் போட்டார். வாய் திறந்தால் நாடு கடத்தப்படுவார், திறக்காவிட்டால்... அதற்குமேல் எண்ண அவருக்கு மனம் துணியவில்லை. மன்னரிடம் ஓடினார்.

“அரசே, தங்கள் ஆணை முழுமையாக நிறைவேறத் தாங்களே அறைக்குள் எழுந்தருள வேண்டும்.”

மன்னர் உள்ளே வந்ததும் அம்பலவாணர் கதவைச் சாத்தினார். மன்னருக்கு இருமல் வந்தது; கண்கள் எரிந்தன. அம்பலவாணரோ இரண்டு மண்ணுருண்டைகளைப் பிசைந்து, மிகுந்த பணிவோடு அவர் முகத்தருகே நீட்டினார்.

“என்ன செய்கிறீர்?”

“பொறுத்தருள வேண்டும். காற்று நுழையும் துளைகள் இங்கே இன்னும் மிஞ்சியிருக்கின்றன. தங்கள் திருமூக்கில் இரண்டு, அரசியாருக்கு இரண்டு, இளவரசருக்கு மிகச் சிறியவையாக இரண்டு. தங்களிடமிருந்தே தொடங்கட்டுமா? இல்லை, நான் மூட்டையைக் கட்டட்டுமா?”

மன்னரின் பார்வை குழந்தையிடம் சென்றது. பிறகு விளக்கிடம் சென்றது. எந்தச் சுடரைக் காப்பதற்காகத் துளைகளை அடைக்கச் சொன்னாரோ, அந்தச் சுடர் கடுகளவாகச் சுருங்கி நின்றது.

“கதவைத் திறவுங்கள்! துளைகளையும் திறவுங்கள்!” என்று அலறினார்.

கூரையோரத் துளைகள் திறந்ததும் புகை அவ்வழியே வெளியேறியது. சுவரடித் துளைகளையும் திறந்து, அவற்றின் முன் அம்பலவாணர் சாய்வாகப் பலகைகள் பொருத்தினார். நேராகக் குத்திய வாடை பலகையில் மோதி மேலெழுந்து, மெதுவாகப் பரவியது. சுடர் அசையாமல் நிமிர்ந்தது. குழந்தை இருமல் தணிந்து பால் குடித்தது.

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணருக்கு அணிவித்தார்.

“நான்கூட அப்போதே இதைத்தான் சொல்ல நினைத்தேன், அரசே!” என்று தொடங்கினார் மல்லையர்.

அம்பலவாணர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். “அரசே, கொஞ்சம் மண் மீதமிருக்கிறது. அடைக்க வேண்டிய துளை ஒன்றும் மீதமிருக்கிறது.”

மல்லையர் சட்டென்று இரு கைகளாலும் தம் வாயைப் பொத்திக்கொண்டார். மன்னரின் சிரிப்பு, திறந்த துளைகள் வழியே அரண்மனைத் தோட்டம்வரை கேட்டது.